படி ஏற முடியாதவருக்குப் பந்தியில் இடமில்லையா?

(இரத்தினபுரியில், தோட்டத் தொழிலாளரும் விவசாயிகளும் ஆசிரியர், வழக்கறிஞர் முதலானோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை.)

இன்று எமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "உரிமையும் சட்டமும்" என்பதாகும். இத்தலைப்பில் பேச வருவோர் மொழியைப் பற்றிப் பேசுவர். காணியைப் பற்றிப் பேசுவர். சம்பளத்தைப் பற்றிப் பேசுவர். நாமும் இவற்றைப் பல மேடைகளிற் பேசியவர்களே; இனியும் பேசுவோம். ஆயினும் இன்று நாம் பேச வந்தது ஒரு வேளைச் சோற்றைப் பற்றி. கொழும்பு நகரிலே நாடகம் பார்த்துவிட்டு வெளியே வந்த ஒரு பெரியவர், கையிற் பணம் இருந்தும், கண்ணெதிரே கடைகள் இருந்தும், ஒரு மேசையில் அமர்ந்து உண்ண முடியாமற் போன கதையைப் பற்றி.

"இதுவும் ஓர் அரசியலா?" என்று கேட்பவர் இருக்கலாம். கதையைக் கேட்டுவிட்டு அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

நான்கு வாசல்கள்

இம்மாவட்டத்துத் தோட்டமொன்றிலே நாற்பது ஆண்டுகள் உழைத்தவர் அப்பெரியவர். மழைநாளிற் சரிவில் வழுக்கி வீழ்ந்து முதுகெலும்பு முறிந்தது. அன்று தொடக்கம் சக்கர நாற்காலியே அவருக்குக் கால். சென்ற ஆண்டு அவருடைய பேத்தி, பாடசாலை நாடகக் குழுவோடு கொழும்பு அரங்கொன்றில் நடிக்கச் சென்றாள். "தாத்தா வராமல் நான் மேடையேற மாட்டேன்" என்று அப்பிள்ளை அடம்பிடித்தது. ஊரவர் சேர்ந்து வான் ஒன்றை ஒழுங்கு செய்தனர். நாமும் உடன் சென்றோம். அவிசாவளை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீற்றர்ப் பயணம்.

அரங்கிலே குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கவாசல் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். வரிசையின் ஓரத்தில் நாற்காலி நிற்க இடம் கொடுத்தார்கள். பேத்தி மேடையில் நின்றபோது பெரியவரின் கண்கள் கலங்கின. மகிழ்ச்சியோடுதான் வெளியே வந்தோம். நேரம் இரவு எட்டு மணி. எல்லாருக்கும் பசி.

முதலாவது கடைக்குப் போனோம். வாசலிலே பளபளக்கும் மூன்று கருங்கற் படிகள். கடைப் பையன்கள் இருவர் ஓடிவந்து, "பரவாயில்லை சேர், நாங்க தூக்கிடுவம்" என்றார்கள். நல்ல பிள்ளைகள், அவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. ஆனால் பெரியவர் கையை உயர்த்தித் தடுத்தார். "வேணாங்கய்யா. கொழுந்துச் சாக்க லொறியில ஏத்துற மாதிரி என்னைய ஏத்த வேணாம்" என்றார்.

இரண்டாவது கடையின் வாசல் தரைமட்டம். மகிழ்ந்து உள்ளே பார்த்தால், மேசைகளுக்கிடையே ஒல்லியான மனிதர் ஒருவர் பக்கவாட்டில் நுழையலாம், நாற்காலி நுழையாது. மலசலகூடம் மாடியில். மூன்றாவது கடை பெரிய கட்டடமொன்றின் மேல்தளத்தில் இருந்தது. மின்தூக்கி உண்டு. ஆனால் அந்த மின்தூக்கியை அடைவதற்கு ஐந்து படிகள்! ஏணிக்கு ஏணி வைத்த கதை. நான்காவது கடையிலே சரிவுப்பாதையே கட்டியிருந்தார்கள். ஆனால் அது செங்குத்தாய் நின்றது. போதாததற்கு அடியில் இரண்டு பூச்சாடிகளும் ஒரு மோட்டார் சைக்கிளும்.

கடைசியிற் சோற்றுப் பார்சல் வாங்கி, தெருவிளக்கின் கீழ் வானை நிறுத்தி, மடியில் வைத்து உண்டோம். அப்போதுதான் இன்னொன்றையும் அறிந்தோம். அன்று காலை முதல் அப்பெரியவர் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏன்? போகிற இடத்தில் அவர் நுழையக்கூடிய மலசலகூடம் இருக்குமோ இராதோ என்ற அச்சம். நாற்பது ஆண்டு இந்நாட்டுக்குத் தேயிலை கொடுத்த மனிதர், தலைநகரிலே ஒரு கோப்பைத் தேநீர் குடிக்க அஞ்சினார்.

திரும்பி வரும் வழியில் அவர் சொன்னார்: "நாடகம் நல்லா இருந்துச்சுங்கய்யா. அடுத்த தரம் நீங்க போய்ட்டு வாங்க. நான் லயத்துலயே இருந்துக்கிறேன்." அந்த ஒரு சொல்தான் எம்மை இம்மேடையில் இதைப் பேச வைத்தது.

அன்று சாதி, இன்று படி

அன்பர்களே, தேநீர்க்கடை வாசல் அரசியலாவது தமிழருக்குப் புதிதன்று. வடக்கிலே ஒரு காலம் இருந்தது. சாதியின் பெயரால் ஒரு பகுதி மக்களைத் தேநீர்க்கடைக்குள் விடமாட்டார்கள். விட்டாலும் வேறு இடம், வேறு குவளை. அதைத் தடுக்கவே 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பிறந்தது. சட்டம் பிறந்தவுடன் கதவு திறந்துவிடவில்லை. 1966 ஒக்ரோபரிலே சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போக வேண்டியிருந்தது. சங்கானையிலும் மாவிட்டபுரத்திலும் போராட வேண்டியிருந்தது. பலர் அடிபட வேண்டியிருந்தது. சட்டப் புத்தகத்தில் இருந்த உரிமையைக் கடை மேசைக்குக் கொண்டுவர இத்தனை பாடு.

அன்று வாசலில் மனிதன் நின்று, "நீ உள்ளே வராதே" என்றான். இன்று வாசலிற் கல் நின்று அதையே சொல்கிறது. மனிதன் சொன்னால் நமக்கு உறைக்கிறது. கல் சொன்னால் உறைப்பதில்லை. கல்லுக்குப் பகையில்லை என்பது உண்மை. கடைக்காரருக்கும் பகையில்லை. ஆனால் வெளியே நிற்பவனுக்கு அதனால் என்ன வேறுபாடு? பகையால் பட்டினி கிடந்தாலும் மறதியால் பட்டினி கிடந்தாலும் வயிறு ஒன்றுதான்.

"பந்திக்கு முந்து" என்கிறது நம் பழமொழி. முந்துவதற்குக் கால் இல்லாதவன் என்ன செய்வான் என்று அப்பழமொழி சொல்லவில்லை. சொல்ல வேண்டியது சட்டம். அது சொல்கிறதா என்று பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தைப் பற்றியது. அதன் மூன்றாம் பந்தியை நம் மக்கள் பலர் படித்ததில்லை. கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் களியாட்ட இடங்கள், தத்தம் மதத்தின் வழிபாட்டுத் தலங்கள் ஆகியவற்றுக்குள் செல்வதில் இனம், மதம், மொழி, சாதி, பால் என்னும் காரணங்களால் எவருக்கும் தடையோ நிபந்தனையோ விதிக்கலாகாது என்று அது கூறுகிறது. உணவகத்தையும் நாடக அரங்கையும் ஒரே மூச்சிற் சொல்லும் பந்தி இது. நாட்டின் மூலச்சட்டமே சோற்றுக்கடை வாசலைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே, சோற்றைப் பற்றிப் பேசுவது அரசியலா என்ற கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது.

ஆனால் அப்பட்டியலை மறுபடி எண்ணிப் பாருங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால். உடலின் இயலாமை அதில் இல்லை! அடுத்த பந்தியான நான்காவதிலேதான் அச்சொல் வருகிறது: பெண்கள், சிறுவர், வலுவிழந்தோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காகச் சிறப்பு ஏற்பாடு செய்வதை இவ்வுறுப்புரை தடுக்காது என்று. அதாவது, "செய்தால் தடையில்லை" என்கிறதே அன்றி, "செய்தே ஆக வேண்டும்" என்று அப்பந்தி சொல்லவில்லை.

இந்த ஓட்டையை அடைக்க வந்தது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். அதன் 23ஆம் பிரிவு தெளிவானது. பொதுமக்களில் வேறெவரும் செல்லக்கூடிய, பயன்படுத்தக்கூடிய எந்தக் கட்டடத்திலும் இடத்திலும், கட்டணம் கொடுத்துச் சென்றாலும் கொடாது சென்றாலும், இயலாமையைக் காரணமாக வைத்து எவருக்கும் தடையோ நிபந்தனையோ விதிக்கக் கூடாது. அதை மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்து நிவாரணம் கேட்கலாம் என்கிறது 24ஆம் பிரிவு.

இச்சட்டத்தின் கீழ் 2006 ஒக்ரோபர் 17ஆம் திகதி அதிவிசேட வர்த்தமானியில் ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் பொதுச் சேவைகள் கிடைக்கும் இடங்களும் வலுவிழந்தோர் அணுகக்கூடியனவாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஏற்கெனவே கட்டிய கட்டடங்களைத் திருத்துவதற்குக் கால எல்லையும் குறித்தார்கள். அந்த எல்லையைப் பின்னர் நீட்டினார்கள். நீட்டிய எல்லையும் எப்போதோ கடந்துவிட்டது. படிகள் அப்படியே இருக்கின்றன.

தோட்டப்புறத்து மக்களுக்கு ஒன்று சொல்வோம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தை நீங்கள் அறிவீர்கள். வேலையில் ஒரு கால் போனால் இவ்வளவு, ஒரு கை போனால் இவ்வளவு என்று கணக்குச் சொல்லும் சட்டம் அது. போன காலுக்கு விலை சொல்லும் சட்டம் 1934இலேயே வந்துவிட்டது. கால் போனவன் கடைக்குள் போக வழி சொல்லும் சட்டத்துக்கு அதற்குப் பின் 62 ஆண்டுகள் காத்திருந்தோம்.

ஒருவர் தொடுத்த வழக்கு

சட்டம் தானாக நடக்காது, நடத்துவோர் வேண்டும். அப்படி நடத்திய ஒருவரை இங்கு நினைவுகூராமல் இருக்க முடியாது. கலாநிதி அஜித் பெரேரா இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992ஆம் ஆண்டு கொழும்பிலே அவர் சென்ற மோட்டார் வண்டியின் மீது மரமொன்று சரிந்து விழுந்தது. அதன் பின் அவரும் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார். ஒழுங்குவிதிகள் கடதாசியிற் கிடப்பதைக் கண்டு, 2009ஆம் ஆண்டு தாமே உயர் நீதிமன்றத்திற்கு அடிப்படை உரிமை மனுவோடு சென்றார்.

2011 ஏப்ரல் 27ஆம் திகதி நீதிமன்றம் கட்டளை பிறப்பித்தது. இயலாமையைக் காரணமாக வைத்து எவரும் பாகுபாட்டுக்கு உள்ளாகலாகாது. பொதுப் பாவனைக் கட்டடங்களையும், குறிப்பாக அவற்றின் மலசலகூடங்களையும் அணுகுவதற்கு இடையூறு இருக்கலாகாது. ஒழுங்குவிதிகளைப் பின்பற்றாவிடில் தண்டனைக்குரிய விளைவுகள் உண்டு என்பது அதன் கருத்து. அதற்குப் பின்னும் அவர் மீண்டும் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. இன்று அவர் நம்மிடையே இல்லை. அவர் வென்ற கட்டளை இருக்கிறது. அவர் சிங்களவர், நாம் தமிழர். படி யாரிடமும் இனம் கேட்பதில்லை. அவர் பெற்ற கட்டளை நம் பெரியவருக்கும் உரியது.

இது சிலருக்கான சில்லறைக் காரியம் என்று எண்ணாதீர்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, 5 வயதுக்கு மேற்பட்டோரில் ஏதோ ஒரு வகை இயலாமையுடையோர் 16 இலட்சத்து 17 ஆயிரத்து 924 பேர், நூற்றுக்கு 8.7 வீதம். நடப்பதில் இடர்ப்படுவோர் மட்டும் ஏழு இலட்சத்துக்கு மேல். வலுவிழந்தோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. கட்டடங்களை அணுகும் உரிமையை அதன் 9ஆம் உறுப்புரையும், கலை, பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் பங்குபெறும் உரிமையை 30ஆம் உறுப்புரையும் கூறுகின்றன. பேத்தியின் நாடகத்தைப் பார்ப்பதும், பார்த்த பின் அவளோடு இருந்து உண்பதும் உலகம் ஒப்புக்கொண்ட உரிமைகள்.

அளவுகோலோடு போவோம்

சரி, வழக்குப் போடும் வரை பட்டினி கிடப்பதா? இல்லை. நகரத்துக்கு நாடகம் பார்க்கவோ வைத்தியம் பார்க்கவோ போகும் நம்மவர் இன்று செய்யக்கூடியவற்றைச் சொல்வோம். அன்று நாம் செய்த முதற்பிழை, முன்கூட்டி விசாரியாமல் போனது.

கொழும்பிலே இலயனல் வென்ற் அரங்கு 1953இல் திறக்கப்பட்டது; தாமரைத் தடாக அரங்கு 2011 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஒன்று விதிகளுக்கு முந்தியது, மற்றது பிந்தியது. அரங்கு எதுவாயினும், முதலில் அரங்குக்காரரிடமே தொலைபேசியிற் கேளுங்கள்: "சக்கர நாற்காலியோடு உண்ண வருவோர் பக்கத்தில் எங்கே போகிறார்கள்?" பலரை நாளும் கண்டவர்கள் அவர்கள். பின்னர் கடைக்காரரிடம் கேளுங்கள். "வசதி இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், "இருக்கிறது, வாருங்கள்" என்றுதான் எவரும் சொல்வார். கேள்வியை முறித்து முறித்துக் கேட்க வேண்டும். நீதிமன்றத்திற் குறுக்கு விசாரணை செய்வது போல!

தெருவிலிருந்து மேசை வரை எத்தனை படி? ஒரு படியா, அரைப் படியா? சரிவுப்பாதை இருந்தால் எத்தனை அடி நீளம்? வாசற்கதவு முழுதாய்த் திறந்தால் எத்தனை அங்குலம்? மலசலகூடம் கீழேயா, மேலேயா? அதன் கதவு உள்ளே திறப்பதா, வெளியே திறப்பதா? பிடித்து எழக் கைப்பிடி உண்டா? மேசையின் கீழ் முழங்கால் நுழையுமா, அல்லது தரையோடு பூட்டிய வாங்கா? வான் நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் இடையே வடிகாலோ உயர்ந்த நடைபாதையோ உண்டா? "நாங்கள் தூக்கிக்கொள்வோம்" என்பது இவற்றுள் எக்கேள்விக்கும் விடையன்று.

அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு இது. ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம், இதுவே சரிவுப்பாதை. ஆறங்குலப் படி ஒன்றுக்கு ஆறடி நீளம் வேண்டும். மூன்று படிக்குப் பதினெட்டு அடி. கதவு 32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 36 இருந்தால் நன்று. நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடி வட்டம் வேண்டும். மேசையின் கீழ் 27 அங்குல உயரம் வேண்டும். விவசாயிகளுக்கும் தோட்டத்தவருக்கும் இது விளங்காத கணக்கன்று. எந்தச் சரிவில் வண்டி ஏறும், எந்தச் சரிவிற் புரளும் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் பொறியியலாளருக்கும் தெரியாது.

கண்டதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். 2010ஆம் ஆண்டு ஜெர்மனியிலே வீல்மாப் என்றொரு வரைபடம் தொடங்கினார்கள். இடங்களைப் பார்த்தவர்களே வந்து, முழுதும் போகக்கூடியது பச்சை, ஓரளவு போகக்கூடியது மஞ்சள், போக முடியாதது சிவப்பு என்று குறிக்கிறார்கள். நாமும் செய்யலாம். இன்று தோட்டத்துப் பிள்ளைகள் கையிலும் படம் எடுக்கும் தொலைபேசி இருக்கிறது. இரத்தினபுரி, கேகாலை, பலாங்கொடை, பெல்மதுளை, எட்டியாந்தோட்டை ஆகிய ஊர்களிலே பேருந்து நிலையம், வைத்தியசாலை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள கடைகளை அளந்து மூன்று நிறப் பட்டியல் ஒன்று செய்வோம். பச்சைக் கடையைப் பாராட்டி ஒரு கடிதம்; மஞ்சட் கடைக்கு என்ன செய்யலாம் என்று ஒரு யோசனை; சிவப்புக் கடைக்கு 23ஆம் பிரிவை எடுத்துக்காட்டி ஒரு கடிதம்.

கடைக்காரரோடு நின்றுவிடவும் கூடாது. உணவகத்துக்கு ஆண்டுதோறும் உரிமம் கொடுப்பது உள்ளூராட்சி மன்றம். புதுக் கட்டடம் அனுமதிக்கு அமையக் கட்டப்பட்டதென்று சான்றிதழ் கொடுப்பதும் அதுவே. உரிமம் கொடுக்கும்போது குசினியைப் பார்க்கிறார்கள், குப்பையைப் பார்க்கிறார்கள், வாசலைப் பார்க்கட்டும். 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, தோட்டப்புறத்துக்குப் பணம் செலவிட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பிரதேச சபைகள் கைவிரித்தன. இப்போது அந்தச் சாட்டும் இல்லை. லயத்திலிருந்து தெருவுக்கு வரும் பாதையையும் கேட்போம்; தெருவிலிருந்து கடைக்கு ஏறும் வழியையும் கேட்போம்.

மறுப்புகளுக்கு மறுமொழி

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் பேசுவார்கள். அதையும் கேட்க வேண்டும்.

"அப்படிப்பட்டவர்கள் எங்கள் கடைக்கு வருவதே இல்லையே" என்பது முதல் வாதம். பாலமில்லாத ஆற்றைப் பார்த்து, "இதை யாரும் கடப்பதில்லை, பாலம் எதற்கு?" என்று கேட்பதைப் போன்றது இது. மேலும், ஒரு நாற்காலி தனியே வருவதில்லை. அன்று எங்கள் வானில் வந்தவர் பதினொருவர். ஒருவருக்கு வழியில்லாததால் அந்த நான்கு கடைகளும் பதினொரு சாப்பாட்டை இழந்தன.

"செலவு" என்பது இரண்டாவது வாதம். புதிதாய்க் கட்டும்போது தளத்தைத் தெருவோடு பொருத்தி அமைக்க ஏறக்குறைய மேலதிகச் செலவே இல்லை. பழைய கடைக்கு ஒரு படி என்றால், அரை நாள் மேசன் வேலையும் கொஞ்சம் சீமெந்தும். அந்தச் சரிவிலே குழந்தை வண்டியும் ஏறும். மூட்டு வலியுள்ள பாட்டியும் ஏறுவார். சரக்கு வண்டியும் ஏறும்.

மூன்றாவது வாதம் இந்த ஊருக்கே உரியது; கனமானது. "களுகங்கை பெருகும் ஊர் இது. 2003லும் 2017லும் வந்த வெள்ளத்தைக் கண்டவர்கள் நாங்கள். தளத்தை உயர்த்தாமல் எப்படிக் கடை கட்டுவது?" என்பார்கள். உண்மை. தளத்தை உயர்த்துங்கள்; அது உங்கள் அரிசி மூட்டையைக் காக்கும். ஆனால் இரண்டடி உயர்த்தினால் இருபத்து நான்கடிச் சரிவுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். முன்புறம் இடமில்லையேல் பக்கச் சந்தால் வளைத்து விடலாம், மடித்துக் கட்டலாம், நாலு கடைக்காரர் சேர்ந்து பொதுவாய் ஒரு சரிவும் ஒரு நடைமேடையும் அமைக்கலாம். அதற்கும் வழியே இல்லாத சின்னஞ்சிறு கடைகள் சில இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவர்கள் வாசலில் நிழலோடு ஒரு மேசை போட்டு, மற்றவர்க்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு பரிமாறட்டும். ஆனால் இடமும் பணமும் உள்ள பெருங்கடைகள் இந்தச் சாட்டின் பின்னால் ஒளிய விடமாட்டோம்.

இயற்கையே குறுக்கே நின்றாலும் மனம் இருந்தால் வழி பிறக்கும் என்பதற்குச் சென்னையைப் பாருங்கள். மெரீனாக் கடற்கரை மணலிற் சக்கரம் உருளாது. 2022 நவம்பரிலே அலைக்கு அருகு வரை 263 மீற்றர் நீளத்தில் மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே புயல் வந்து அதைச் சிதைத்தது. "புயல் வரும் இடம், இனி எதற்கு?" என்று விட்டுவிடவில்லை, செப்பனிட்டு மறுபடி திறந்தார்கள். ஆண்டாண்டாய்க் கரையில் இருந்தே கடலைப் பார்த்தவர்கள் முதன்முறை அலையருகே போனார்கள். புயலுக்கு அஞ்சாமல் அங்கே முடிந்தது, வெள்ளத்துக்கு அஞ்சாமல் இங்கேயும் முடியும்.

நம் வாசற்படி

நண்பர்களே, மற்றவரைக் கேட்டோம். இனி நம்மைக் கேட்க வேண்டும். இதுவே இன்று எமக்குக் கடினமான பகுதி.

இக்கூட்டத்துக்கு அந்தப் பெரியவரை அழைத்தோம். அவருடைய கதையைத்தான் பேசப்போகிறோம், அவரே முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்த மண்டபத்துக்கு எத்தன படிங்கய்யா?" நமக்குத் தெரியவில்லை. பல ஆண்டுகளாக ஏறியிறங்கிய மண்டபம். ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. நேற்று வந்து எண்ணினோம். ஏழு.

ஏழு படி! கடைக்காரரைக் குற்றஞ்சாட்டக் கூடிய கூட்டத்துக்கே அவர் வர முடியவில்லை. நமது கட்சிக் காரியாலய வாசலில் இரண்டு படி. மக்கள் குறை கேட்கும் இடம் அது. கை கால் இழந்தவர்களின் நட்டஈட்டு மனுக்களை எழுதும் இடமும் அதுதான். எத்தனை பேர் அந்த இரண்டு படிக்குக் கீழே நின்று, உள்ளே பிள்ளையை அனுப்பிவிட்டு, வெயிலிற் காத்திருந்தார்கள்? நாம் கணக்கு வைக்கவில்லை. கோயில் மண்டபங்களையும் வாசிகசாலைகளையும் கல்யாண மண்டபங்களையும் எண்ணத் தொடங்கினால் வெட்கத்துக்கு அளவே இராது. கல்யாணப் பந்தியிலே ஒரு மூலையில், "நீங்க இங்கேயே இருங்க, இலையைக் கொண்டு வந்து தாறோம்" என்று எத்தனை பேரைப் பந்திக்குப் புறம்பாக வைத்திருக்கிறோம்! அன்போடுதான் செய்தோம். அன்போடு செய்தாலும் ஒதுக்கல் ஒதுக்கலே.

ஆதலால் இம்மேடையிலேயே மூன்று உறுதிகளைச் சொல்கிறோம். தலைவர் அவர்களே, இவற்றைத் தீர்மானமாகப் பதிய வேண்டுகிறோம்.

ஒன்று: காரியாலயத்து இரண்டு படிக்கும் பன்னிரண்டடிச் சரிவு, அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் கட்டி முடிக்கப்பட வேண்டும். மேசன் கூலிக்கு முதற்பணத்தை நாமே தருகிறோம். இரண்டு: சக்கர நாற்காலி ஏற முடியாத மண்டபத்தில் இனி நாம் கூட்டம் வைப்பதில்லை. மண்டபம் கிடைக்காவிட்டால் மைதானத்திற் கூடுவோம். மழை வந்தால் எல்லாரும் சேர்ந்து நனைவோம். மூன்று: இரு மாவட்டத்து நகரங்களிலும் கடை வாசல்களை அளக்கும் குழுக்கள் அமைய வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் ஒரு வழக்கறிஞர், ஓர் ஆசிரியர், ஒரு தோட்டத் தொழிலாளி. இவர்களோடு சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ நடமாடும் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் இல்லாத அளவு அளவன்று.

பட்டியல் முடிந்து, கடிதங்கள் போய், பேச்சும் பலியாவிடில், 24ஆம் பிரிவின் கீழ் மேல் நீதிமன்றத்துக்குப் போவோம். அந்த மனுவுக்கு வழக்கறிஞர் கூலி வேண்டாம் என்று சொல்ல இந்த அவையிலேயே இளைஞர் பலர் இருக்கிறார்கள் என்று நம்புகிறோம்.

அடுத்த ஆண்டும் அந்தப் பேத்தி மேடையேறுவாள். அன்றைக்கு அவள் தாத்தா காலையில் வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். நாடகம் முடிந்ததும் எந்தக் கடை நல்ல கடை என்று மட்டுமே அவர் யோசிக்க வேண்டும். எந்தக் கடைக்கு எத்தனை படி என்று யோசிக்கக் கூடாது. பேத்தியோடு ஒரே மேசையில் அமர்ந்து, தாம் பறித்த கொழுந்தின் தேநீரை அவர் ஆறுதலாகக் குடிக்க வேண்டும். அந்த ஒரு கோப்பைக்காகத்தான் இவ்வளவு நேரமும் பேசினோம்.

கூட்டம் முடிந்து இறங்கும்போது அந்த ஏழு படிகளையும் நீங்கள் ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டு இறங்குங்கள். அதுபோதும்.